மார்க்கு குறைந்தது, வரிசை முந்தியது

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம், நீட் முடிவு வந்த மறுநாள் மாலை, சீத்தா கேம்ப்பில் எங்கள் சந்தின் கோடி வீட்டில் ஒரே சச்சரவு. அந்த வீட்டு அண்ணாச்சிக்கு இரண்டு மக்கள். மூத்தவள் 2024-இல் நீட் எழுதி, 720-க்கு 590 வாங்கியும் அரசுக் கல்லூரியில் இடம் கிட்டாமல் பி.எஸ்ஸி. படிக்கச் சென்றவள். இளையவன் 2025-இல் எழுதி 510 வாங்கியிருந்தான்.

“அக்கா 590 வாங்கியே கதவு திறக்கலை. நீ எம்பது மார்க்கு கம்மியா வாங்கிட்டு எந்த மூஞ்சியோட பாரம் போடப் போற? பேசாம கடையில வந்து உக்காரு!” என்று அண்ணாச்சி முழங்கிக்கொண்டிருந்தார். பையன் மூலையில் தலைகுனிந்து நின்றான்.

நான் இருவருடைய மார்க்குத் தாள்களையும் வாங்கிப் பார்த்தேன். அக்காளின் அகில இந்திய வரிசை எண் எண்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது, தம்பியினுடையது ஐம்பதாயிரத்துக்குள். எண்பது மார்க்கு குறைந்தவன் முப்பதாயிரம் பேருக்கு மேல் முன்னால் நிற்கிறான்! அண்ணாச்சிக்கு இது நம்பத்தக்கதாக இல்லை. நம் சங்கத்து நண்பர்களிலும் பலர், ஊரிலுள்ள தம்பி தங்கைகளுக்கு யோசனை சொல்லும்போது இதே இடத்தில் இடறுவதைக் கண்டிருக்கிறேன். ஆகவே அன்று அவருக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

மார்க்கு ரூபாயைப் போன்றது. நோட்டில் அச்சிட்ட எண் மாறாது. அதைக் கொண்டு என்ன வாங்கலாம் என்பதுதான் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2024-இல் 23 லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். அந்த ஆண்டுப் பரீட்சைக்குப் பாடத்திட்டம் குறைக்கப்பட்டிருந்தது. 200 கேள்விகள் கொடுத்து 180-க்கு விடையளித்தால் போதும் என்றார்கள். நேரமும் 200 நிமிடம். முதலில் வெளியான முடிவில் 720-க்கு 720 பெற்றவர்கள் 67 பேர்! மறுதேர்வும், ஒரு பௌதிகக் கேள்வியின் விடைத் திருத்தமும் ஆன பிறகு அது 17 ஆயிற்று. பாட்னாவிலும் ஹஜாரிபாகிலும் வினாத்தாள் கசிந்த விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. ஆனால் தேர்வு முழுவதையும் ரத்துச் செய்யக் கோர்ட்டு இணங்கவில்லை. கசிவினால்தான் மார்க்கு உயர்ந்தது என்று இன்றும் சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாடு முழுவதும் ஓர் எளிய வினாத்தாள் செய்யும் வேலையை இரண்டு ஊர்க் கசிவு செய்துவிட முடியாது.

2025-இல் 180 கேள்விகள், 180 நிமிடம், விட்டுவிட்டு எழுதும் சலுகை கிடையாது. பௌதிகம் பலரை அழவைத்துவிட்டது. நாட்டிலேயே முதலாக வந்த மாணவருக்கே 686 மார்க்குத்தான்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். 2024-இல் 600-க்கு மேல் பெற்றவர்கள் ஏறத்தாழ 80 ஆயிரம் பேர். 2025-இல் 1,332 பேர். 2024-இல் 600-க்கும் 650-க்கும் இடையில் மட்டும் சுமார் 50 ஆயிரம் பேர் நெருக்கியடித்து நின்றார்கள். 2025-இல் அதே இடைவெளியில் 1,259 பேர். ஒரு கேள்வி தவறினால் வரவேண்டிய நான்கு மார்க்கு வராது, கையிலிருக்கும் ஒன்றும் போகும், ஆக ஐந்து. அந்த ஐந்து மார்க்குக்கு 2024-இல் ஐயாயிரம் பேர் முந்திப் போனார்கள். 2025-இல் நூற்றிருபத்தைந்து பேர். காலை எட்டரை மணிக்கு மான்கூர்ட் ஸ்டேஷனில் ஓரடி பின்வாங்கிப் பார்த்தவர்களுக்கும், மத்தியானம் மூன்று மணிக்கு அதே பிளாட்பாரத்தில் நின்றவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

“தேறிட்டான்னு போட்டிருக்கே, அப்போ சீட்டு நிச்சயமா?” என்றார் அண்ணாச்சி, குரல் தணிந்து. அதுவும் இல்லை. தேறும் மார்க்கு என்பது எழுதியவர்களை ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிக்கும் கோடு. பொதுப் பிரிவுக்கு அது 2022-இல் 117, 2023-இல் 137, 2024-இல் 162, 2025-இல் 144. கண்ணை மூடிக்கொண்டு விடைகளைக் குறித்தாலே சராசரியாக 45 வரும்! 2025-இல் தேறியவர்கள் 12 லட்சத்துக்கு மேல்; நாட்டில் அப்போதிருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அளவே.

அடுத்தது, எந்த வரிசையில் நிற்கிறோம் என்பது. அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்தியாவுக்கு. மீதி 85 அந்தந்த மாநிலத்தாருக்கு. பத்தாவதும் பன்னிரண்டாவதும் பம்பாயில் படித்த நம் பிள்ளைகள் மகாராஷ்டிர வரிசையில் நிற்கலாம். தமிழ்நாட்டில் 2020-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு அங்கே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே, நமக்கில்லை.

அண்ணாச்சி பெட்டியைத் திறந்து திருநெல்வேலியில் வாங்கிய சாதிச் சான்றிதழை எடுத்தார். அது இம்மாநில ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. ஆந்திரத்திலிருந்து சிறுவயதில் பம்பாய்க்கு வந்து, சேட் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்ட ஒரு பழங்குடி மாணவரின் வழக்கில் 1990-இல் சுப்ரீம் கோர்ட்டு அப்படித்தான் தீர்ப்பளித்தது. இதர பிற்பட்டோர் எனில், 1967 அக்டோபர் 13-க்கு முன்பே குடும்பம் மகாராஷ்டிரத்தில் வாழ்ந்ததற்குத் தாள் வேண்டும். அவருடைய தகப்பனார் அதற்கும் முன்பே ஜனதா காலனியில் குடிசை போட்டவர். ஆனால் 1976 மே மாதம், நெருக்கடி நிலையில், அந்தக் காலனியையே பெயர்த்து இங்கே கொண்டுவந்து இறக்கியபோது அந்தத் தாள்கள் எங்கோ போயின. மனிதர் இருந்தார் என்பதற்குப் பேரனைத் தவிர அத்தாட்சி இல்லை. பையன் பொதுவரிசையில்தான் நிற்க வேண்டும்.

அதனால் கல்லூரிகளின் பட்டியலை நீளமாக எழுதச் சொன்னேன். வேண்டிய கல்லூரியை முதலில் எழுதினால் மற்றது கைநழுவிவிடுமோ என்று பயப்பட வேண்டாம்; முதலில் வரிசை எண்ணைப் பார்த்து, பிறகே விருப்பத்தைப் பார்க்கிறார்கள். ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து பரேல், சயன், நாயர், ஜே.ஜே. என்று தொடங்கினோம். அண்ணாச்சி பம்பாயோடு நிறுத்தப் பார்த்தார். கோந்தியா என்றதும், “அது எங்கே இருக்கு தம்பி?” என்று திகைத்தார். விதர்பா எக்ஸ்பிரஸ் இங்கிருந்து கோந்தியா வரைக்கும் போகிறது என்றேன். சிறிது யோசித்துவிட்டு, “சரி, அதையும் எழுதுலே” என்று மகனிடம் சொன்னார்.