விதை விடாத மிளகு

மிளகு, வெற்றிலை, திப்பிலி மூன்றும் ஒரே பேரினம். கொடியில் ஓர் இலையைக் கிள்ளி மோந்து பார்த்தாலே உறவு பிடிபட்டுவிடும். இந்தக் குடும்பத்தின் தூரத்துப் பங்காளி ஒருவர் பசிபிக் தீவுகளில் இருக்கிறார். பெயர் காவா. கொடியாகப் படராமல், கணுக்கணுவான தண்டுகளோடு ஆள் உயரப் புதராக நிற்கும் செடி. இலையையோ காயையோ யாரும் சீண்டுவதில்லை; வேருக்குத்தான் மவுசு.

காயை விட்டுவைக்கக் காரணம் எளிது: காய்ப்பதே இல்லை. பூங்கதிர் விடும். ஆண் செடி, பெண் செடி என்று தனித்தனியாக உண்டு. கையால் மகரந்தம் சேர்த்துப் பார்த்தாலும் பூங்கதிர் உதிர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு செல்லிலும் 130 குரோமோசோம்கள், அதாவது பத்து மடித் தொகுதி. விதையே இல்லை என்பதால், தண்டை ஒடித்து நட்டால்தான் அடுத்த செடி. வனுவாட்டுத் தீவுகளில் ஒரு காட்டு மிளகிலிருந்து, நல்ல வேராகப் பார்த்துப் பார்த்து, தலைமுறை தலைமுறையாக மக்கள் பிரித்தெடுத்த பயிர் இது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அங்கிருந்து ஹவாய் வரைக்கும் அது போனது காற்றிலும் இல்லை, பறவை வயிற்றிலும் இல்லை. துடுப்புப் படகில் யாரோ ஈரம் காயாமல் வைத்துக் கொண்டுபோன தண்டுத் துண்டாகத்தான் போனது. நியூசிலாந்தின் குளிரில் மட்டும் பிழைக்கவில்லை.

நட்டு மூன்று ஆண்டாவது ஆக வேண்டும் வேரைத் தோண்ட. ஃபிஜியில் அதைக் காயவைத்து இடித்துத் தூளாக்குகிறார்கள். தூளைத் துணியில் முடிந்து, 'தனோவா' என்ற கால் வைத்த மரத்தொட்டியில் நீர் ஊற்றிப் பிசைகிறார்கள். பிசைவது சடங்குக்காக மட்டும் அல்ல. வேலை செய்யும் பொருள்களான காவாலாக்டோன்கள் நீரில் கரையாதவை. அழுத்திப் பிசையும்போது நுண்துகள்களாக நீரில் மிதக்கத் தொடங்கும். அதனால்தான் ஒவ்வொரு முறை மொள்ளும் முன்பும் கலக்கிவிடுகிறார்கள். பழைய காலத்தில் இளைஞர்கள் வேரை மென்று துப்பிய சக்கையில் நீர் ஊற்றிக் கரைப்பதும் வழக்கம். பாதிரிமார்களுக்கு அது பெரிய அருவருப்பு. ஆனால் வேரைக் கூழாக்க வாயைவிட நல்ல கருவி அன்று கையில் இல்லை.

சேற்று நிறத்தில் ஒரு சிரட்டை நீளும். வாங்குகிறவர் ஒருமுறை கை தட்டி, 'புலா' என்று சொல்லி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு மூன்று முறை தட்டுவார். சுவை என்று சொல்ல ஒன்றும் இல்லை, கசப்பும் மண்வாடையும்தான். சற்று நேரத்தில் கிராம்பை அடக்கிவைத்த மாதிரி நாக்கு மரத்துப்போகும். காவெய்ன் என்ற பொருள் நரம்புகளின் சோடிய வாயில்களை அடைப்பதால் வரும் மரப்பு அது. பிறகு தோள் தளரும், பேச்சு மெதுவாகும், தலை மட்டும் தெளிவாக இருக்கும். காவா நொதித்த பானம் இல்லை. சாராயச் சத்து துளியும் கிடையாது. மூளையில் பரபரப்பைத் தணிக்கும் 'காபா' ஏற்பிகளை அது ஊக்குகிறது, ஆனால் தூக்க மாத்திரைகள் ஒட்டும் இடத்தில் ஒட்டாமல். குடித்தவனைச் சண்டைக்கு இழுக்காத போதை என்று இதைச் சொல்லலாம். வனுவாட்டின் 'நகமால்' கூடங்களில் அந்தி சாய்ந்ததும் விளக்கைக் குறைத்து, தாழ்ந்த குரலில் பேசுவார்கள். அங்கே சத்தம் போடுகிறவன் புதியவன்.

1903 முதல் சென்னை மாகாணத்திலிருந்து ஃபிஜியின் கரும்புக் காட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் இந்தத் தொட்டியைச் சுற்றி உட்காருகிறார்கள். அவர்கள் இதை 'கிராக்' என்கிறார்கள். கல்யாண வீடு, சாவு வீடு எங்கும் உண்டு. நிலத்தைப் பற்றி இவர்களுக்கும் ஃபிஜியின் பூர்வகுடிகளுக்கும் எத்தனையோ மனத்தாங்கல். பாயில் உட்கார்ந்து சிரட்டை மாற்றுவதில் மட்டும் தகராறு இல்லை.

வேர் கப்பலேறிய பிறகு கதை மாறியது. 1990களில் ஐரோப்பாவில் மனப் பதற்றத்துக்கான மாத்திரையாகக் காவா நன்றாக விற்றது. பிறகு கல்லீரல் கெட்டதாகச் செய்திகள் வர, 2002-ல் ஜெர்மனி தடை போட்டது. உலகெங்கும் வந்த 93 புகார்களைச் சலித்த உலக சுகாதார நிறுவனம், 2007-ல், எட்டில் மட்டுமே காவாவோடு நெருங்கிய தொடர்பைக் கண்டது. 2014-ல் ஜெர்மன் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2019-ல் உரிமங்கள் மறுபடி ரத்தாயின. தீவுக்காரர்கள் பிசைந்தது தண்ணீரில். மருந்து ஆலைகள் பிழிந்தது அசிட்டோனிலும் சாராயத்திலும். சந்தைப் பசிக்கு வேரோடு தண்டின் தோலும், தரம் குறைந்த ரகங்களும் சேர்ந்தன என்ற சந்தேகமும் உண்டு. கல்லீரல் சேதத்துக்கு ஒற்றைக் காரணம் இன்றுவரை நிரூபணமாகவில்லை. ஆனாலும் கிராமம் பழகிய பொருளும் மாத்திரைக்குள் போன பொருளும் ஒன்றல்ல என்பதே என் கட்சி.

அதற்காகக் கிராமத்துக் காவாவுக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது. நாள் தவறாமல் நிறையக் குடிப்பவர்களுக்குத் தோல் வறண்டு செதில் செதிலாக உரியும், நிறுத்தினால் சரியாகிவிடும். மதுவோடு சேர்ப்பதும், கல்லீரல் நோய் உள்ளவர்கள் தொடுவதும் வம்பு. மருந்தாக அதன் பலமும் முடிந்த கதை இல்லை. ஆஸ்திரேலியாவில் 75 பேரிடம் ஆறு வாரம் நடந்த சோதனை 2013-ல் பதற்றம் குறைந்ததாகச் சொன்னது. அதே ஆய்வாளர்கள் 171 பேரிடம் 16 வாரம் சோதித்து 2020-ல் வெளியிட்டபோது, வெற்று மாத்திரையைவிடக் காவா மேல் என்று காட்ட முடியவில்லை. கல்லீரல் பரிசோதனை அளவுகள் பிசகியதும் காவா எடுத்தவர்களிடமே அதிகம்.

வனுவாட்டு தன் பயிரைக் காக்க 2002-லேயே சட்டம் கொண்டுவந்தது. தினம் குடிக்கத் தகுந்த 'நோபிள்' ரகங்கள் ஒரு பட்டியல். இரண்டு நாள் மந்தமாகப் படுக்கவைக்கும் 'டூடே' ரகங்களை ஏற்றுமதி செய்யத் தடை. தூளான பிறகு எது எந்த ரகம் என்று கண்ணால் சொல்ல முடியாது. அதற்கும் வழி இருக்கிறது: ஒரு சிட்டிகைத் தூளை அசிட்டோனில் குலுக்கினால் நோபிள் மஞ்சளாகத் தெளியும், டூடே செம்மஞ்சளாகும். குடிக்க உதவாத அசிட்டோன் சோதனைக் குழாயில் மட்டும் ஒரு நல்ல காரியம் செய்கிறது.