வெள்ள எச்சரிக்கை கடைசி வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டுமானால்…

கோத்தா திங்கி மக்களுக்கு வெள்ளம் புதிதல்ல. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த இரண்டு பெருவெள்ளங்களில் நகரமே மூழ்கியது. ஜொகூர் மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீடுகளை விட்டு வெளியேறினர். 2023 மார்ச்சிலும் இம்மாவட்டம் வெள்ளத்தில் சிக்கியது.

மழை மட்டுமே இதற்குக் காரணமல்ல. நகரின் வழியாக ஓடும் ஜொகூர் ஆறு தெற்கே கடலில் கலக்கிறது. கடல் நீர் ஏறும் நேரத்தில் ஆற்று நீர் விரைவாக வடிவதில்லை. கனமழையும் கடலேற்றமும் ஒன்றுசேர்ந்தால், தாழ்வான பகுதிகளே முதலில் மூழ்கும். பருவநிலை மாற்றத்தால் கடல்மட்டம் உயர்கிறது. சூடேறிய காற்று அதிக ஈரத்தைச் சுமப்பதால் கனமழையும் கூடுகிறது. ஆற்றோரத் தாமான்களுக்கும் சிடிலி போன்ற கடலோரக் கிராமங்களுக்கும் ஆபத்து கூடிக்கொண்டே போகிறது.

எச்சரிக்கைக்குக் குறைவில்லை. வடிகால், நீர்ப்பாசனத் துறை ஆற்றின் நீர்மட்டத்தை இணையத்தில் வெளியிடுகிறது. ஆனால், தனியாக வாழும் பாட்டிக்கும், மலாய் வாசிக்கத் தெரியாத முதியவருக்கும் அதை யார் சொல்வது? உள்ளூர்த் தலைமை தேவைப்படுவது இங்கேதான்.

2004 சுனாமியின்போது புதுச்சேரியின் நல்லவாடு மீனவர் கிராமத்தில் நடந்ததைப் பாருங்கள். சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தியறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வழியாக ஊரே எச்சரிக்கப்பட்டது. ஏறக்குறைய 3,600 பேர் உயிர் தப்பினர். தகவல் வெளியூரிலிருந்து வந்தது. அதை நம்பி உடனே செயல்பட்டவர்கள் ஊர்க்காரர்கள்.

வங்காளதேசம் இதையே ஓர் அமைப்பாக்கியது. 1970-இல் லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட புயலுக்குப் பிறகு, 1972-இல் புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. இன்று அதில் 76,000-க்கும் அதிகமான கிராமத் தொண்டர்கள் உள்ளனர், பாதிப்பேர் பெண்கள். பெண்கள் வீடுதேடி வந்து அழைக்கும்போது, மற்றப் பெண்களும் தயங்காமல் கிளம்புகிறார்கள்.

நம் ஊரில் எங்கிருந்து தொடங்குவது? கிராம நிர்வாகக் குழு, ருக்குன் தெத்தாங்கா, கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆகியவை ஏற்கனவே மக்களை அறிந்தவை. வரிசைக்கு ஒருவரைப் பொறுப்பாக்கலாம். படுக்கையில் இருப்பவர், டயாலிசிஸ் செய்பவர், கைக்குழந்தை உள்ள வீடு என அவர் ஒரு பட்டியல் வைத்திருக்க வேண்டும். நீர் எந்த அளவைத் தொட்டால் கிளம்புவது, எந்த நிவாரண மையத்துக்குப் போவது, யார் வாகனத்தில் போவது என்பதை முன்பே முடிவு செய்து, ஒருமுறை ஒத்திகையும் பார்க்க வேண்டும்.

வெள்ளத்தன்று சமைத்துப் போடுவதோடு இவர்கள் பணி முடிந்துவிடக்கூடாது. கால்வாய் தூர்வாருவது, புதிய வீடமைப்புக்கு நிலத்தை மேடாக்குவது போன்ற முடிவுகளிலும் இவர்களின் குரல் கேட்கப்பட வேண்டும். தண்ணீர் எந்த வழியாக வரும் என்பது அங்கே வாழ்பவர்களுக்குத்தான் தெரியும்.

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கும். அந்தப் பட்டியலை அதற்கு முன்பே எழுதி முடிப்பது நல்லது.