வேர்நுனிக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னே

ரூட் கேனல் செய்யும் பல் மருத்துவரின் தட்டில் ஊசி போல் மெலிந்த இளஞ்சிவப்புக் குச்சிகள் இருக்கும். அவைதான் கட்டாபெர்ச்சா. ‘கெத்தா பெர்ச்சா’ என்ற மலாய்ப் பெயரே இப்படித் திரிந்தது.

செம்பனை சூழ்ந்த ஜொகூரின் பண்டார் தெங்காராவில் இருப்போருக்கு அது அந்நியப் பொருள் அல்ல. ஜொகூர்க் காடுகளின் தாபான் மரத்துப் பால்தான் அது. 1840களில் ஜொகூரின் தலைவர் தெமெங்கோங் இப்ராகிம் இந்தப் பிசின் வணிகத்தில் பெருஞ்செல்வம் சேர்த்தார். சிங்கப்பூரிலிருந்து கப்பலேறிய பிசின், கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையானது, பல்லுக்குள்ளும் புகுந்தது. பால்மரம் சீவிய நம் தாத்தா பாட்டிமார் அறிந்த ரப்பர் இழுத்தால் நீளும். அதே வேதிப்பொருளின் இன்னொரு வடிவமான இது விறைத்து நிற்கும், சூடு பட்டால் இளகும். இன்றைய குச்சியில் இப்பிசின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மீதியில் பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு.

சுத்தம் செய்த வேர்க்குழலை இந்தக் குச்சியால் அடைக்கும்போது இடைவெளி விட்டால் கிருமி மீண்டும் குடியேறும். அதற்கு அஞ்சி அளவுக்கு மீறித் திணித்தால் வேர்நுனித் துளை வழியே பொருள் வெளியே பிதுங்கும். மேல் கடைவாய்ப் பல்லுக்கு மேலே சைனஸ் அறை இருக்கிறது. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு அடியில் உதட்டுக்குச் செல்லும் நரம்பு ஓடுகிறது. குச்சியோடு பூசும் சீலர் பசை அந்த நரம்பைத் தொட்டால் உதடு மரத்துப்போகலாம்.

எங்கே நிறுத்துவது? வேர்நுனிக்கு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் முன்பாகக் குழல் இயல்பாகவே குறுகும். அந்தக் குறுகலே எல்லை. அதைக் கண்டறிய, 1962இல் ஜப்பானியர் சுனாடா காட்டிய வழியில் வந்த மின்கருவி உதவுகிறது. ஒரு முனையை உதட்டில் கொக்கியாக மாட்டி, மறுமுனையைக் குழலுக்குள் இருக்கும், அதைச் சுத்தம் செய்யும் மெல்லிய கம்பியான ஃபைலில் இணைப்பார்கள். நுனி நெருங்க நெருங்க மின்தடை மாறும். கருவி ஒலி எழுப்பும். உடனே ஃபைலில் கோத்த ரப்பர் வளையத்தைப் பல்லின் முகட்டோடு ஒட்டி நிறுத்தி, வெளியே எடுத்து ஸ்கேலில் அளப்பார் மருத்துவர்.

21 மி.மீ. என்றால் குச்சியிலும் அதே அளவில் இடுக்கியால் தடம் பதிப்பார். உள்ளே செருகி மெல்ல இழுத்தால் நுனி லேசாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் வழுக்கினால் நுனியைச் சிறிது நறுக்கியோ, தடித்த குச்சி எடுத்தோ மறுபடி பொருத்துவார். எக்ஸ்ரேயில் சரிபார்த்த பிறகே சீலரை மெல்லிசாகப் பூசி அடைப்பார்.

சிறு துளி வெளியே போனாலும் பெரும்பாலும் ஆறிவிடும். ஆனால் மரப்பு ஊசியின் வேகம் தணிந்த பிறகும் உதடு மரத்தே இருந்தால் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். அன்றே மருத்துவரை அழையுங்கள். சிகிச்சை முடிந்ததும் எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்: வேருக்குள் இறங்கும் வெள்ளைக்கோடு நுனிக்குச் சற்று முன்னே நின்றிருக்கும்.