கொட்டகைத் தரைக்குள் ஒரு கம்பி

பழனி மலையின் மேல்மலைக் கிராமமான எங்கள் கூக்காலில் மழைக்காலம் வந்துவிட்டால் மாட்டுக்கொட்டகைத் தரை காய்வதே இல்லை. வெளியே சாரலும் மூடுபனியும். உள்ளே கோமியம், சாணம், கழுவிவிட்ட தண்ணீர். அந்த ஈரத்துக்குள் மின்சாரமும் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு பல்பு, தண்ணீர் ஏற்றும் மோட்டார், வசதிப்பட்டவர்களிடம் புல் வெட்டும் மிஷின், பால் கறக்கும் மிஷின். பக்கத்து மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இயங்குகிறது. பாரத் மெரினோ ஆடுகளையும் முயல்களையும் அங்கே வளர்க்கிறார்கள். பூண்டும் உருளையும் கேரட்டும் விளையும் இந்த மேல்மலையில் கால்நடை இல்லாத விவசாயம் இல்லை. ஆனால் கொட்டகைக்கு ஒயர் இழுக்கும்போது, வீட்டின் இன்னொரு அறைக்கு இழுப்பது போலத்தான் இழுக்கிறோம். அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

நாம் செருப்புப் போட்டிருக்கிறோம். கால்கள் இரண்டும் அருகருகே நிற்கின்றன. தரையில் மின்கசிவு இருந்தாலும் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடும் மின்னோட்டம் பெரும்பாலும் நெஞ்சைத் தொடுவதில்லை. மாட்டுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் இடைவெளி. தரையின் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மின்னழுத்தம் வேறுபட்டால், அந்த வேறுபாடு உண்டாக்கும் மின்னோட்டம் மாட்டின் உடல் வழியே, இதயத்தைக் கடந்து பாய்கிறது. மாட்டின் உடல் மின்தடையைச் சுமார் 500 ஓம் என்று ஆய்வாளர்கள் கணக்கில் எடுப்பார்கள். மனிதனுக்குப் பொதுவாக எடுப்பது 1000 ஓம். ஆட்டுக்குக் கம்பளி காப்பு என்று நினைக்கலாம். ஆனால் தரையைத் தொடும் குளம்பிலும் தண்ணீரைத் தொடும் வாயிலும் கம்பளி இல்லை. நார்வேயின் ஹார்டாங்கர் மேட்டுநிலத்தில் 2016 ஆகஸ்டில் ஒரே இடியுடன்கூடிய மழையில் 323 கலைமான்கள் செத்துக் கிடந்தன. மின்னல் இறங்கிய மண்ணில் பரவிய மின்னழுத்த வேறுபாடு நான்கு கால் விலங்குகளை என்ன செய்யும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

கொட்டகையில் இதே விபத்து சிறிய அளவில், சத்தமில்லாமல் நடக்கிறது. புல் வெட்டும் மிஷினின் மோட்டாருக்குள் ஈரம் புகுந்து, பேஸ் கம்பி இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். “எர்த் போட்டிருக்கிறோம், பியூஸ் போய்விடும்” என்றுதான் பலரும் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழனி மலையின் அடித்தளம் சார்னகைட் பாறை. மேல்மண் ஆழமில்லாத இடத்தில் அடித்த எர்த் கம்பியின் தடை 20 ஓம் வரை இருக்கலாம். கரியும் உப்பும் போட்டு மூடிய குழி கோடையில் காய்ந்தால் இன்னும் ஏறும். டிரான்ஸ்பார்மர் பக்க எர்த் 1 ஓம் என்றால், 230 வோல்ட்டை 21 ஓமால் வகுக்க, மண் வழியே ஓடுவது ஏறத்தாழ 11 ஆம்பியர். 16 ஆம்பியர் பிரேக்கருக்கு இது சாதாரண சுமை, அது அசையாது. மிஷின் சட்டமோ 219 வோல்ட்டில் நிற்கும். எர்த் குழியைச் சுற்றியுள்ள ஈர மண்ணிலும் மணிக்கணக்கில் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்கும். குழிக்குப் பக்கத்தில் மாட்டைக் கட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மருந்து ஆர்.சி.டி. என்னும் கசிவு உணர் கருவி. பேஸில் போன மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பிய மின்னோட்டமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிடுகிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் இணைப்பைத் துண்டிக்கிறது. 20 ஓம் எர்த்தில் 30 மில்லி ஆம்பியர் ஓடினால் சட்டத்தில் ஏறுவது 0.6 வோல்ட்தான். கால்நடைக் கொட்டகைகளில் பிளக் பாயிண்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியர், தீ விபத்தைத் தடுக்க மற்ற சர்க்யூட்டுகளுக்கு அதிகபட்சம் 300 மில்லி ஆம்பியர் என்பது சர்வதேச மின்தொழில்நுட்பக் கழகத்தின் விதி. நம் தேசிய மின் விதித்தொகுப்பும் வேளாண் இடங்களுக்கென்று ஒரு தனிப் பகுதியை ஒதுக்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் மின் இணைப்புகளுக்கு ஆர்.சி.டி. கட்டாயம் என்ற விதியும் வந்துவிட்டது. ஆனால் “மழை வந்தால் அடிக்கடி விழுகிறது” என்று அதைக் கழற்றிவிட்டு ஒயரை நேராக முறுக்கி இணைக்கும் வழக்கம் இருக்கிறதே, அதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. அது விழுவது கருவியின் கோளாறு இல்லை. எங்கோ கசிகிறது என்று சொல்கிறது. மோட்டாரைக் கழற்றிக் காய வைத்துப் பழுது பார்க்க வேண்டும்.

ஆர்.சி.டி. மட்டும் போதாது. அது வீட்டுக்குள் நிகழும் கசிவைத்தான் பார்க்கும். வெளியே கம்பத்திலிருந்து நியூட்ரல் வழியாகவோ மண் வழியாகவோ வரும் மின்னழுத்தத்தைப் பார்க்காது. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் கூட மாட்டுக்கு உறைக்கும். தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்கும்போது சுருக்கென்றால் மாடு குடிக்காமல் நாக்கால் நக்கிப் பார்த்துவிட்டு விலகும். கறக்கும் இடத்துக்கு வரவே முரண்டு பிடிக்கும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பசு தொடக்கூடிய இடங்களில் 1 வோல்ட், அதாவது 2 மில்லி ஆம்பியர் எட்டினாலே நடவடிக்கை எடுக்க வேண்டும்.

இதற்கான தீர்வு தரைக்குள் இருக்கிறது. கான்கிரீட் போடும் முன் இரும்புக் கம்பி வலை விரித்து, அதை மாடு கட்டும் குழாய், தீவனத் தொட்டி, தண்ணீர்க் குழாய், கூரைத் தூண், எர்த் கம்பி எல்லாவற்றோடும் இணைத்துவிட வேண்டும். அப்புறம் கசிவு வந்தாலும் மாட்டின் வாயும் நான்கு குளம்பும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும்; வேறுபாடு இல்லையென்றால் மின்னோட்டம் இல்லை. மின்கம்பியில் உட்காரும் காக்கைக்கு ஒன்றும் ஆகாதது இதனால்தான். மாடு வெளி மண்ணிலிருந்து இந்தத் தரையில் கால் வைக்கும் வாசலில் மட்டும் கவனம் வேண்டும். அங்கே கம்பிகளைச் சாய்வாக மண்ணுக்குள் இறக்கி மின்னழுத்தம் படிப்படியாக மாறும்படி செய்வார்கள்.

மற்றவை கைக்கு எட்டிய காரியங்கள். கோமியத்திலிருந்து எழும் அமோனியா செம்பை அரிக்கும். எர்த் போல்ட் பச்சை பூத்திருந்தால் இணைப்பு கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். சுவிட்சும் பிளக்கும் மாட்டின் நாக்கும் கொம்பும் எட்டாத இடத்தில், தண்ணீர் தெறித்தாலும் புகாத பெட்டிக்குள் இருக்க வேண்டும். ஒயரை எலி கடிக்காதபடி குழாய்க்குள் ஓட்ட வேண்டும். மேல்மலைக் குளிருக்குக் குட்டிகளுக்குச் சூடு விளக்கு போட்டால், குட்டியிலிருந்தும் வைக்கோலிலிருந்தும் விளக்கை அரை மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும்.

காட்டுமாடு தோட்டத்தில் இறங்கும் ஊர் என்பதால் வேலியையும் சொல்லியாக வேண்டும். தரமான வேலி மின்கருவி நொடிக்கு ஒரு முறை, 10 மில்லி நொடிக்கும் குறைவான துடிப்பை மட்டும் அனுப்பும். சுருக்கென்று விரட்டும், கொல்லாது. 230 வோல்ட் லைனிலிருந்து நேராகக் கொக்கி போட்ட கம்பி கொல்லும். 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் அப்படித்தான் செத்தன. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்யவும் ஒழுங்குபடுத்தவும் விதிகள் கொண்டுவந்தது. முறையான வேலியாக இருந்தாலும், அதன் எர்த் கம்பியைக் கொட்டகை எர்த்திலிருந்து 10 மீட்டராவது தள்ளி அடிக்க வேண்டும். இல்லையென்றால் வேலியின் ஒவ்வொரு துடிப்பும் தொழுவத்துக்குள் வரும்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் மாட்டுக்கொட்டகைகளும் ஆட்டுக்கொட்டகைகளும் கட்டித் தரப்பட்டிருக்கின்றன. அரசுப் பணத்தில் கட்டும் ஒவ்வொரு கொட்டகையின் மதிப்பீட்டிலும் தரை வலையின் இணைப்புக்கும் ஒரு ஆர்.சி.டி.க்கும் ஒரு வரி சேர்க்க வேண்டும். கான்கிரீட் ஊற்றும் அன்று அது சில மீட்டர் கம்பியும் ஒரு வெல்டரின் அரைநாள் கூலியும்தான். ஊற்றிய பிறகு தரையை உடைக்காமல் செய்ய முடியாது. ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள், கண்ணுக்குத் தெரியும் எல்லா இரும்பையும் ஒன்றோடொன்று இணைக்கலாம், ஆர்.சி.டி. பொருத்தலாம். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு முறை அமுக்கிப் பாருங்கள். விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்றுங்கள்.