வட்டில் உறையும் கூத்து

நுழையும்முன்

விடிய விடிய நிகழும் கூத்தை ஒளிப்பதிவு செய்துவிட்டால் அதனைக் காத்துவிட்டதாக நாம் கருதுகிறோம். பதிவு செய்தல் முதற்படியே ஆகும். பதிந்ததை ஒழுங்குபடுத்துவதும், மீண்டும் பயன்படுமாறு பேணுவதும் அதனினும் பெரிய பணிகள்.

மலைக்கோட்டையால் அறியப்படும் தியாகதுருகத்தைச் சூழ்ந்த கள்ளக்குறிச்சி வட்டாரம் தெருக்கூத்து வழங்கும் நிலப்பகுதியாகும். இம்மாவட்டத்தின் கூவாகத்தில் சித்திரைத் திங்களில் நிகழும் கூத்தாண்டவர் திருவிழா, அரவான் கதையை அடிப்படையாகக் கொண்டது. திரௌபதி அம்மன் விழாக்களில் பாரதக் கூத்து இரவில் தொடங்கிப் பொழுது புலரும்வரை நடைபெறும். இத்தகைய கூத்துகள் முதலில் ஒளிநாடாக்களிலும் பின்னர் வட்டுகளிலும் பதிவாயின.

வட்டின் அளவு

1993இல் வரையறுக்கப்பட்ட வீடியோ சிடியில் ஏறத்தாழ 74 நிமிடக் காட்சியே அடங்கும். எட்டு மணிநேரக் கூத்துக்கு ஏழு வட்டுகள் வேண்டும். 1996இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டிவிடி, ஓரடுக்கில் 4.7 ஜிகாபைட் கொள்ளும். நொடிக்கு 5 மெகாபிட் வீதம் பதிந்தால் அதில் இரண்டு மணிநேரம் அடங்கும்; அதே கூத்துக்கு நான்கு வட்டுகள் போதும். வீதத்தைக் குறைத்தால் நேரம் கூடும். ஆனால் படத்தின் தெளிவு குன்றும். அடவுகளின் விரைவும் முகவண்ணத்தின் நுட்பமும் முதலில் மங்கும். ஆகவே, கூத்தைப் பதிவோர் வட்டின் எண்ணிக்கையைக் குறைப்பதற்காகத் தெளிவை இழத்தலாகாது.

பட்டித்திரை

தொடக்கத்திலிருந்து ஓடும் வட்டில், கர்ண மோட்சத்தின் ஒரு பாடலைத் தேடுபவர் நெடுநேரம் காத்திருக்க நேரிடும். இக்குறையை நீக்குவது மெனு எனப்படும் பட்டித்திரை. கூத்தில் கட்டியங்காரன் தோன்றி, வரவிருக்கும் வேடத்தை அவைக்கு அறிவிப்பதுபோல, பட்டித்திரையும் வட்டில் உள்ளவற்றை அறிவித்து, வேண்டிய இடத்திற்கு நம்மை அழைத்துச் செல்கிறது.

இதனை அமைக்கும் முறை எளியது. முதலில் பதிவு முழுவதையும் பார்த்து, கட்டியங்காரன் வரவு, வேடங்களின் திரைவரவு, தர்க்கம், போர், மங்களம் எனப் பகுதிகளைக் குறிக்க வேண்டும். ஒவ்வொன்றும் தொடங்கும் நேரத்தை எழுதிக்கொண்டு, அங்கே இயல் எனப்படும் பிரிவுக்குறியை இட வேண்டும். ஒரு தலைப்பின்கீழ் 99 இயல்கள் வரை அமைக்கலாம். பின்னர் ஒவ்வொரு பொத்தானையும் உரிய இயலோடு இணைக்க வேண்டும். தொலைவியக்கியின் மேல், கீழ், இடம், வலம் ஆகிய விசைகளை அழுத்தினால் அடுத்து எப்பொத்தானுக்குச் செல்வது என்பதையும் வரையறுக்க வேண்டும். பழைய தொலைக்காட்சிகள் படத்தின் ஓரங்களை மறைக்கும். எனவே எழுத்துகளை விளிம்பில் அமைத்தலாகாது. டிவிடிஸ்டைலர் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இப்பணிக்கு உதவுகின்றன.

தெரிந்து தெளிவோம்

டிவிடியினுள் மூவகைக் கோப்புகள் உள்ளன. வி.ஓ.பி. கோப்பில் படமும் ஒலியும் இருக்கும். இஃது ஒரு ஜிகாபைட்டைத் தாண்டாது. ஐ.எப்.ஓ. கோப்பில் இயல்களும் வழிகளும் குறிக்கப்பட்டிருக்கும். பி.யு.பி. என்பது ஐ.எப்.ஓ. கோப்பின் காப்புப் படியாகும்.

மூலக்கோப்பைப் பேணல்

வீட்டிலும் கடையிலும் பதியப்படும் வட்டுகளில் செய்தியைத் தாங்குவது ஒருவகைச் சாயப் படலம். வெயிலும் வெப்பமும் அதனைச் சிதைக்கும். மேலும், புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு இயக்கியே இல்லை. வட்டு மட்டுமே எஞ்சியுள்ள ஒரு பதிவு, வட்டோடு அழியும்.

ஓலைச்சுவடிகள் பெயர்த்தெழுதப்பட்டதால் நம் இலக்கியங்கள் நிலைத்தன. ஆனால் பெயர்த்தெழுதுந்தோறும் பாடவேறுபாடுகள் புகுந்தன. கணினிக் கோப்பை உள்ளவாறே படியெடுத்தால் ஓர் எழுத்தும் மாறாது. ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்குச் சுருக்கி மாற்றும்போதோ ஒவ்வொரு முறையும் தெளிவு சிறிது குறையும். எனவே, ஒளிப்பதிவுக் கருவி தந்த மூலக்கோப்பை மாற்றாமல் இரண்டு வன்தட்டுகளில், இரண்டு இடங்களில் வைத்தல் வேண்டும். ஊர், நாள், கூத்தின் பெயர், கலைஞர் பெயர் ஆகியவற்றை உடன் எழுதிவைத்தல் வேண்டும். மூலம் கிடைக்காதபோது, வட்டின் வி.ஓ.பி. கோப்பிலுள்ள படத்தையும் ஒலியையும் மறுசுருக்கமின்றிப் பிரித்தெடுத்துப் புதிய கோப்பில் அடைக்கலாம்.

இவ்வாறு பேணப்பட்ட ஒரு கோப்பிலிருந்து இன்று வட்டும், நாளை கைப்பேசிக்கான சிறுபடமும், பின்னொரு நாள் ஆய்வுக்கான பதிப்பும் உருவாகும். பாடல்களையும் அடவுகளையும் நினைவில் தாங்கிய மூத்த வாத்தியார்கள் மறையும்போது, இளையோர் கேட்டுப் பயில்வதற்கு எஞ்சுவது இத்தகைய பதிவே. வட்டு ஒரு கலம். கலம் உடையினும் உள்ளிருப்பது சிந்தாமல் காப்பது நம் கடமையாகும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் பதிவான ஒரு விழா அல்லது கூத்தின் வட்டைப் பார்த்து, அதற்குரிய பட்டித்திரையைத் தாளில் வரைக. ஒவ்வோர் இயலும் தொடங்கும் நேரத்தைக் குறிக்க.