பின்வரிசையில் நின்ற முஹம்மத் பய்யான்

உங்கள் இல்லத்துப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் விளையாட்டுப் போட்டிகளைப் பார்ப்பவர்களாயின், ‘செலிப்ரேஷன்’ என்னும் ஆங்கிலப் பாடல் உங்கள் செவியிலும் விழுந்திருக்கக்கூடும். வெற்றி விழாக்களிலும் மேலைநாட்டுத் திருமண விருந்துகளிலும் நாற்பதாண்டுகளுக்கும் மேலாக ஒலித்துவரும் பாடல் அது. திருக்குர்ஆனைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அப்பாடலுக்கான எண்ணம் தம் உள்ளத்தில் எழுந்தது என அதனை இயற்றியவர் கூறியிருக்கின்றார் என்றால், நீங்கள் வியப்படைவீர்கள் அல்லவா?

மதரஸாவில் என்னிடம் ஓதும் மாணவன் ஒருவன் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து, “அந்தக் குழுவினர் முஸ்லிம்களாமே, ஹஜ்ரத்! உண்மையா?” என்று கேட்டான். பாடவேளை எனக் கூறி அவனை அமரச் செய்துவிட்டேன். அவனுக்கு அன்று கூறாத விடையே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகின்றேன். பெரும்பாலான மார்க்கச் சட்ட அறிஞர்கள் இசைக்கருவிகளைத் தடுத்துள்ளனர் என்பதையும், திருமண வேளையில் தஃப் அடிப்பதற்கு அனுமதி உண்டு என்பதையும் நீங்கள் அறிவீர்கள். அச்சட்டத்தை இங்கு ஆராயப் புகவில்லை. ஒரு மனிதரின் வாழ்வை நோக்குவதே நம் எண்ணம்.

பெயிண்ட் டப்பாக்களே முரசு

ராபர்ட் பெல் 1950 அக்டோபர் 8 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள யங்ஸ்டவுன் நகரில், கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தம்பி ரொனால்ட் அடுத்த ஆண்டு பிறந்தார். தந்தை குத்துச்சண்டை வீரர். பயிற்சிக்காக நியூயார்க் சென்றிருந்த காலத்தில், புகழ்பெற்ற ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் வசித்த அதே கட்டடத்தில் அவரும் குடியிருந்தார். அந்த நட்பினால் மங்க், ராபர்ட்டுக்கு ஞானத்தந்தையானார்.

பெரிய கலைஞரின் நட்பு வீட்டில் இருந்தது. முரசு வாங்கப் பணம் இல்லை. எனவே சகோதரர்கள் இருவரும் பெயிண்ட் டப்பாக்களைத் தட்டிப் பழகினர். டப்பாவில் எஞ்சியிருக்கும் வண்ணத்தின் அளவுக்கேற்ப ஓசை மாறும். அந்த வேறுபாடே அவர்களின் முதற் பாடம்.

1960இல் குடும்பம் நியூஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டிக்குக் குடிபெயர்ந்தது. தெருவுக்குத் தெரு இளைஞர் கும்பல்கள் இருந்த பகுதி அது. அங்குத் தாக்குப்பிடிக்க ராபர்ட் சூட்டிக்கொண்ட பட்டப்பெயரே ‘கூல்’. 1964இல் சகோதரர்களும் நண்பர்களும் ‘ஜாஸியாக்ஸ்’ என்ற குழுவைத் தொடங்கினர். பெயர் பலமுறை மாறி, ‘கூல் அண்ட் த ஃப்ளேம்ஸ்’ என்றாயிற்று. புகழ்பெற்ற ஜேம்ஸ் பிரவுனின் குழுவிலும் ‘ஃப்ளேம்ஸ்’ என்ற சொல் இருந்ததால், ‘கூல் அண்ட் த கேங்’ என்று இறுதியாயிற்று. ‘கூலும் அவன் கூட்டாளிகளும்’ என்பது அதன் பொருள். குழுவின் முதல் இசைத்தட்டுத் தொகுப்பு 1969இல் வெளிவந்தது.

கடைக்காலின் பணி

ராபர்ட்டின் கருவி பேஸ் கிட்டார். தடித்த நான்கு தந்திகள். தாழ்ந்த, கனத்த ஒலி. கறுப்பின மக்களிடையே 1960களில் வளர்ந்த ‘ஃபங்க்’ என்னும் இசைவகையில் இன்னிசையைவிடத் தாளத்திற்கே முதன்மை. ஒவ்வொரு சுற்றின் முதல் அடியும் அழுத்தமாக விழவேண்டும். அந்த அழுத்தத்தை முரசோடு சேர்ந்து தாங்குவது பேஸ் கிட்டார்தான்.

பள்ளிவாசலின் மினாராவை அண்ணாந்து நோக்குவோர் பலர். கடைக்காலைக் காண்பவர் யார்? பேஸ் கிட்டார் அந்தக் கடைக்கால். கேட்போர் அதனைத் தனியே உணர்வதில்லை. அது நின்றுவிட்டாலோ பாட்டே சரிந்துவிடும். குழுவின் பெயரில் முன்னால் நின்றது ராபர்ட்டின் பட்டப்பெயர். மேடையில் முன்னால் நின்றவர்களோ பாடகர்களும் ஊதுகுழல் கலைஞர்களும்.

1973இல் வெளிவந்த ‘வைல்ட் அண்ட் பீஸ்ஃபுல்’ தொகுப்பு, ‘ஜங்கிள் பூகி’, ‘ஹாலிவுட் ஸ்விங்கிங்’ முதலிய பாடல்களால் அவர்களை நாடறியச் செய்தது. பின்னர் ‘டிஸ்கோ’ அலை வந்தபோது குழு பின்தங்கியது. 1979இல் ஜே.டி. டெய்லர் என்னும் பாடகரைச் சேர்த்துக்கொண்டு, பிரேசில் நாட்டு இசையமைப்பாளர் யூமிர் தியோதாட்டோவின் துணையோடு மீண்டும் எழுந்தது. புதியவரின் குரல் முன்வர, குழுவுக்குப் பெயர் தந்தவர் பின்னால் நின்று தாளம் காத்தார்.

மார்க்கத்தின் வாசல்

1970களில் சகோதரர்கள் இருவரும் ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ இயக்கத்தின் வழியாக வந்தவர்கள். இன வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்ட அவ்வியக்கத்தின் போதனைகள் பல இஸ்லாத்திற்கு முரணானவை என்பதை மறுப்பதற்கில்லை. 1975இல் அதன் தலைவர் எலிஜா முஹம்மத் மறைந்தபின், அவருடைய மைந்தர் இமாம் வாரிஸ் தீன் முஹம்மத் பெருந்தொகையான மக்களைத் தூய ஏகத்துவத்தின் பாதைக்கு அழைத்து வந்தார். அமெரிக்க முஸ்லிம்களின் வரலாற்றில் இது பெரும் திருப்பம்.

ராபர்ட் ‘முஹம்மத் பய்யான்’ ஆனார். ரொனால்ட் ‘காலிஸ் பய்யான்’ ஆனார். காலிஸ் என்றால் கலப்பற்றது, தூயது. ஜும்ஆ நாளில் நாம் கேட்கும் ‘பயான்’ என்ற சொல்லின் வேரே ‘பய்யான்’ என்பதிலும் உள்ளது.

காலிஸ், அல்-பகரா அத்தியாயத்தில் ஆதம் (அலை) அவர்களின் படைப்பைக் கூறும் பகுதியைப் படித்தார். மலக்குகள் இறைவனைப் புகழ்ந்து கொண்டாடிய காட்சி அவர் மனக்கண்ணில் விரிந்தது. அதிலிருந்து 1980இல் பிறந்ததே ‘செலிப்ரேஷன்’. 1981 பிப்ரவரியில் அமெரிக்கத் தரவரிசையில் அது முதலிடம் பெற்றது. ஈரானில் 444 நாள் சிறைவைக்கப்பட்டிருந்த அமெரிக்கர்கள் நாடு திரும்பியபோது அவர்களை வரவேற்கவும் இப்பாடல் ஒலித்தது. அதன் ஊற்று எங்கே என்று அன்று எத்தனை பேர் அறிந்திருப்பர்?

ஓர் ஆசிரியன் என்ற முறையில் நான் சேர்க்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த வசனங்களில் ஆடலும் பாடலும் இல்லை. மலக்குகளின் வினா இருக்கின்றது, ஆதம் (அலை) அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட அறிவு இருக்கின்றது, பணிவு இருக்கின்றது, இப்லீஸின் ஆணவமும் இருக்கின்றது. காலிஸ் அவற்றிலிருந்து எடுத்துக்கொண்டது மகிழ்ச்சியை மட்டுமே.

நிறையும் குறையும்

1984 நவம்பரில் எத்தியோப்பியாவின் பஞ்சத்திற்கு நிதி திரட்ட லண்டனில் கலைஞர்கள் கூடி ‘பேண்ட் எய்ட்’ இசைத்தட்டைப் பதிவு செய்தனர். கூல் குழுவினரும் அமெரிக்காவைச் சேர்ந்தவர்களாய் அதில் பங்கேற்றனர். பாடல் கிறிஸ்துமஸைப் பற்றியது. பசித்த வயிறு அனைவருக்கும் பொது. அதே முஹம்மத் பய்யான் பிற்காலத்தில் தம் பட்டப்பெயரில் ஷாம்பெய்ன் மதுவையும் சந்தைக்குக் கொண்டுவந்தார். மது திட்டவட்டமாக ஹராம். அதனை நாம் மூடி மறைக்கவும் இயலாது, நியாயப்படுத்தவும் இயலாது.

காலம் கூட்டாளிகளை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டது. 2006இல் கிட்டார் கலைஞர் சார்லஸ் ஸ்மித், 2010இல் எக்காளக் கலைஞர் ராபர்ட் மிக்கன்ஸ், 2020 செப்டம்பரில் தம்பி காலிஸ், 2021இல் டென்னிஸ் தாமஸ், 2023இல் முரசுக் கலைஞர் ஜார்ஜ் பிரவுன். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். 2024 அக்டோபரில் ஒஹையோவின் கிளீவ்லாந்து நகரில், ‘ராக் அண்ட் ரோல்’ புகழ்மாடத்தில் குழுவின் பெயர் பொறிக்கப்பட்டபோது, நிறுவனர்களுள் எஞ்சியிருந்தவர் அவர் ஒருவரே. டப்பா தட்டிப் பழகிய அதே மாநிலத்தில், அருகில் தட்டிய தம்பி இல்லாமல் அவர் அந்தச் சிறப்பை ஏற்றார்.

என் மாணவனுக்கு இனி நான் கூறப்போவது இதுதான்: “ஆம் மகனே, அவர் முஸ்லிம். அவருடைய தொழிலை உனக்கு முன்மாதிரியாகக் காட்டமாட்டேன். அவருடைய ஈமானை அளக்கும் தராசும் என் கையில் இல்லை. அஃது அல்லாஹ்விடம் உள்ளது.”

பெற்றோரே! உங்கள் பிள்ளை அப்பாடலைக் கேட்டுக்கொண்டிருந்தால் சினந்து எழாதீர்கள். அருகில் அமர்ந்து, இதன் தொடக்கம் எங்குள்ளது தெரியுமா என்று கேளுங்கள். பிறகு திருக்குர்ஆனை எடுத்து, அல்-பகராவின் 30ஆம் வசனம் முதல் 34ஆம் வசனம் வரை பொருளோடு அவனையே ஓதச் சொல்லுங்கள். ஐந்தே வசனங்கள். காலிஸ் பய்யான் எடுத்துக்கொண்ட மகிழ்ச்சியோடு, அவர் பாட்டில் கொண்டுவராத அறிவையும் பணிவையும் உங்கள் பிள்ளை அங்குக் கண்டுகொள்வான், இன்ஷா அல்லாஹ்.