ஆசான் நைரேரே

தங்கனீக்காவின் விடுதலைத் தலைவராகிய யூலியஸ் நைரேரேயை அந்நாட்டு மக்கள் ‘ம்வாலிமு’ என்றே அழைத்தனர். சுவாகிலி மொழியில் அச்சொல் ஆசிரியர் எனப் பொருள்படும். நாட்டின் தலைமைப் பதவியை அடைந்த பின்னரும் அப்பெயரே நிலைத்தது.

விக்டோரியா ஏரிக்குக் கிழக்கேயுள்ள புத்தியாமாவிலே, சனாக்கி என்னும் சிறு குலத்தின் தலைவருக்கு மகனாக 1922ஆம் ஆண்டிற் பிறந்த அவர், பன்னிரண்டாம் வயதளவிலேயே பள்ளி புகுந்தார். மக்கரேரேயில் ஆசிரியப் பயிற்சியும், எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பட்டமும் பெற்று 1952இல் மீண்டவர், தாருஸ்ஸலாமை அடுத்த பூகுவிலே கத்தோலிக்கக் கல்லூரியொன்றிற் கற்பித்தார். 1954இல் தங்கனீக்கா ஆபிரிக்கத் தேசிய சங்கம் அவர் தலைமையில் உருவாயிற்று. வகுப்பறையும் அரசியல் மேடையும் ஒருங்கே இயலாவெனக் கண்டு, மறு ஆண்டிலே ஆசிரியப் பணியைத் துறந்தார். 1961 திசெம்பர் 9ஆம் நாள் நாடு போரின்றி விடுதலை பெற்றது. பிரதமரான அவர் ஆறு வாரங்களில் அப்பதவியை விட்டுக் கட்சிப் பணிக்கு மீண்டார். 1962 இறுதியிற் குடியரசுத் தலைவரானார். 1964இல் சன்சிபாருடனான இணைப்பாலே தான்சானியா தோன்றிற்று.

ஆட்சியிலிருந்தபடியே சேக்ஸ்பியரின் ‘யூலியஸ் சீசர்’ நாடகத்தைச் சுவாகிலியிற் பெயர்த்து 1963இல் வெளியிட்டார். தம் பெயர் பூண்ட தலைவன் கொலையுண்ணும் கதையை ஆட்சித் தலைவரொருவரே பெயர்த்தது வியப்பன்றோ! நூற்றுக்கு மேற்பட்ட குலங்கள் வாழும் நாட்டிலே அப்பொதுமொழியே ஒற்றுமைக்குப் பாலம் என்பது அவர் துணிபு.

1967ஆம் ஆண்டிலே, அரூசாப் பிரகடனத்தைத் தொடர்ந்து, கல்விபற்றி அவர் எழுதிய கட்டுரை இன்றும் ஆழ்ந்து கற்றற்குரியது. குடியேற்றவாட்சிக் கல்வி எழுதுவினைஞர் சிலரை ஆக்கிற்று. எஞ்சியோரைத் தோல்வியுற்றோராகக் கருதச் செய்தது. கற்றவனை அவன் ஊரினின்றும் பிரித்தது. பெரும்பாலான சிறுவர் ஆரம்பப் பள்ளியோடு நிற்பராதலின், அக்கல்வி உயர்கல்விக்கு வாயிலாக மட்டும் அமையாது தன்னளவில் நிறைவுடையதாதல் வேண்டும் என்றார். பள்ளிதோறும் கழனி வேண்டும், மாணவர் அதிலே உழைத்தல் வேண்டும் என்றும் வற்புறுத்தினார்.

கூட்டுறவுச் சிற்றூர்களும் இக்கருத்தின் விரிவே. மக்கள் தாமே இசைந்து கூடவேண்டுமென்று முதலிற் போதித்தவர், 1973இல் அதனைக் கட்டாயமாக்கினார். பல இலட்சம் மக்கள் இடம்பெயர்க்கப்பட்டனர். சில இடங்களில் அவர்தம் பழைய குடிசைகள் எரிக்கப்பட்டன. உணவு விளைவு தளர்ந்தது. விசாரணையின்றிச் சிறைவைக்கும் சட்டமும் 1962 முதலே அவர் கையில் இருந்தது. இசைவித்துக் கற்பிக்கும் பொறுமையை ஆசிரியரே இழந்தமையை அவரைப் போற்றுவோரும் மறுத்தற்கியலாது.

1985இல் தாமே சனாதிபதிப் பதவியினின்றும் விலகிப் புத்தியாமாவுக்குத் திரும்பிப் பயிர்செய்தார். 1999 ஒற்றோபர் 14இல் இலண்டனிற் காலமான அவரது உடல் அச்சிற்றூரிலேயே அடக்கஞ் செய்யப்பட்டது.